ஸ்காட்லாந்தின் உயரமான ஊர்: வான்லாக்ஹெட், லெட்ஹில்ஸ், அங்கிருந்த ஈயச் சுரங்கங்கள், சுரங்கத் தொழிலாளர்களுடைய நூலகங்கள்

தென்றல்_கிளாஸ்கோ:

ஸ்காட்லாந்துக்கு வரும் நம் ஆட்கள் எடின்பரோ கோட்டை, நெஸ் ஏரி, ஸ்கை தீவு என்று ஒரே சுற்றில் ஓடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே லௌதர் குன்றுகளுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் ஊரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இந்த இழை.

வான்லாக்ஹெட். ஸ்காட்லாந்திலேயே உயரத்தில் இருக்கும் கிராமம் இதுதான், 467 மீட்டர். உயரமான ஊர் என்றால் வடக்கே ஹைலேண்ட்ஸில்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். இது இங்கிலாந்து எல்லைப் பக்கம், டம்ஃப்ரீஸ் மாவட்டத்தில் இருக்கிறது. நித் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மென்னக் கணவாய் வழியே ஏறினால், இரண்டு பக்கமும் மரமே இல்லாத உருண்ட குன்றுகள். புல், ஹெதர் புதர், ஆடுகள், பக்கத்திலேயே ஓடிவரும் ஓடை. வளைந்து வளைந்து மேலே போனதும் திடீரென்று வீடுகள். தெரு என்று வரிசையாக எதுவும் இல்லை. சரிவில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சிதறிக் கிடக்கும். மேலே லௌதர் மலை உச்சியில் விமானப் போக்குவரத்து ராடாரின் வெள்ளைக் கூண்டு, பெரிய பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும்.

குன்றைத் தாண்டினால் அடுத்த ஊர் லெட்ஹில்ஸ். நடந்தே போய்விடலாம். ஆனால் மாவட்டம் மாறிவிடும், அது லானர்க்ஷயர். இரண்டு ஊருமே ஈயத்துக்காக உண்டானவை. அதற்கு முன்னால் இங்கே தேடியது தங்கம். 2022இல் எலிசபெத் அரசியின் சவப்பெட்டி மேல் எடின்பரோவில் ஒரு கிரீடம் வைத்தார்களே, அது 1540இல் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்காக உருக்கிச் செய்தது. அதில் சேர்த்த தங்கம் இந்தப் பகுதியின் கிராஃபோர்ட் மூரில் எடுத்தது.

ஆனால் நான் எழுத வந்தது தங்கத்தைப் பற்றி இல்லை. 1741இல் லெட்ஹில்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு வாசிப்புச் சங்கம் தொடங்கினார்கள். சந்தா கட்டிப் புத்தகம் எடுக்கும் நூலகம், பிரிட்டனிலேயே இந்த வகையில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது. 1756இல் வான்லாக்ஹெட்காரர்களும் 'புத்தகம் வாங்கும் சங்கம்' என்ற பெயரிலேயே ஒன்று ஆரம்பித்தார்கள். மண்ணுக்குள் ஈயம் வெட்டுகிறவர்கள் லண்டனிலிருந்தும் எடின்பரோவிலிருந்தும் புத்தகம் வரவழைத்துப் படித்திருக்கிறார்கள். எப்படி என்பதுதான் எனக்குப் புரியாத ஆச்சரியம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார்:

நல்ல இழை. லெட்ஹில்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கல்லூரியில் கணிதமோ புள்ளியியலோ படித்தவர்களுக்கு ஸ்டிர்லிங் சூத்திரம் நினைவிருக்கும். பெரிய எண்களின் ஃபேக்டோரியலைத் தோராயமாகக் கண்டுபிடிப்பது. அந்த ஜேம்ஸ் ஸ்டிர்லிங் தன் வாழ்க்கையின் பின்பாதி முழுவதும் லெட்ஹில்ஸில் சுரங்க மேலாளராக இருந்தவர்.

ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. நியூட்டனோடு பழக்கம். துரத்தப்பட்ட ஸ்டூவர்ட் அரச வம்சத்தை ஆதரித்த ஜேக்கபைட் கட்சிக் குடும்பம், அதனால் ஆக்ஸ்ஃபோர்டில் விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து உதவித்தொகையை இழந்தார். வெனிஸில் சில ஆண்டுகள் இருந்ததால் 'வெனிஸ்காரர் ஸ்டிர்லிங்' என்றே பெயர். 1730இல் அவருடைய முக்கியமான கணித நூல் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகளில் ஸ்காட்ஸ் மைனிங் கம்பெனி அவரை இந்தக் குன்றுக்கு அனுப்பியது. நஷ்டத்தில் கிடந்த சுரங்கத்தைத் தூக்கி நிறுத்தினார். சாகும்வரை, அதாவது 1770வரை, அவர்தான் அங்கே பெரிய மனிதர். நடுவில் கிளைட் ஆற்றை அளந்து கொடுத்ததற்காக கிளாஸ்கோ நகரம் அவருக்கு ஒரு வெள்ளித் தேநீர்க் கெண்டியைப் பரிசளித்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஸ்டிர்லிங். அவர் காலத்தில் சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு ஆறு மணி நேர ஷிஃப்ட். 18ஆம் நூற்றாண்டில் இது நினைத்துப் பார்க்க முடியாத சலுகை. கையில் நேரம் இருந்தது, படித்தார்கள். நல்ல மேலாளர் ஒருவர் வந்தால் ஊரே மாறும்.

செங்கல்சூளை:

வாத்தியார் ஐயா, மன்னிக்கவும், இங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஆறு மணி நேரம் சலுகையா? காற்றோட்டமில்லாத குழிக்குள், மெழுகுவத்தி வெளிச்சத்தில், இடுப்பளவு ஈரத்தில் அதற்கு மேல் ஒரு மனிதனால் வேலை செய்ய முடியாது. ஆளைக் கொல்லாமல் எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம் என்ற கணக்கு அது. கணக்கில் கெட்டிக்காரர் போட்ட கணக்கு, சரியாகத்தான் இருக்கும்.

வேலைமுறை எப்படி என்றும் சொல்லிவிட வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. சில பேர் கூட்டாகச் சேர்ந்து 'பேரம்' எடுப்பார்கள். இத்தனை தூரம் பாறை வெட்டினால் இத்தனை, இத்தனை ஈயம் எடுத்தால் இத்தனை. கணக்கு தீர்ப்பது எப்போதாவது ஒரு முறை. அதுவரை கம்பெனி கொடுக்கும் முன்பணத்தில் ஓட்மீல் வாங்கிச் சாப்பிட வேண்டும். பாறையில் ஈயம் ஓடாவிட்டால் வருஷக் கடைசியில் கடன்தான் மிச்சம். கடன் தீராமல் ஊரைவிட்டுப் போக முடியாது. பையன்கள் வெளியே ஓடைத் தண்ணீரில் நின்று தாதுவைக் கழுவுவார்கள்.

நிலம், சுரங்கம், வீடு நிற்கும் இடம் எல்லாமே பிரபுக்களுடையது. லெட்ஹில்ஸ் ஹோப்டன் பிரபுவுக்கு. வான்லாக்ஹெட் குயின்ஸ்பெரி பிரபுக்களுக்கு, 1810க்குப் பிறகு வாரிசு வழியில் பக்ளூ பிரபுவுக்கு. நூலகத்தை வைத்து இந்த ஊரைப் பொற்காலமாக்கிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தென்றல்_கிளாஸ்கோ:

@செங்கல்சூளை, பொற்காலம் என்று நான் சொல்லவில்லையே! நீங்கள் சொன்னதெல்லாம் சரி. அதனால்தான் ஆச்சரியம் கூடுகிறது. கடனில் இருக்கிறவன் எதற்காகப் புத்தகச் சந்தா கட்டுகிறான்?

ஓலைச்சுவடி:

நான் நூலகத்துறையில் வேலை பார்க்கிறேன், அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. இதற்கு நேரில் பார்த்த சாட்சியே இருக்கிறது. 1803 ஆகஸ்ட்டில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், அவர் தங்கை டோரதி, நண்பரான கவிஞர் கோல்ரிட்ஜ் மூவரும் குதிரைவண்டியில் இந்த வழியாகப் போனார்கள். டோரதி எழுதி வைத்த பயணக் குறிப்பில் இந்த இரண்டு ஊரும் வருகின்றன.

லெட்ஹில்ஸில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் நூலகம் இருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொல்ல, "என்ன, ஷேக்ஸ்பியர்கூட இருக்கிறதா?" என்று இவர்கள் கேட்க, "ஆமாம், இருக்கிறதே" என்று சாதாரணமாகப் பதில் வந்திருக்கிறது. மேலும் விசாரித்ததில் ஹோப்டன் பிரபு தாராளமாகப் பணம் கொடுத்தார், அவரோடு வரும் கனவான்களும் கொடுப்பதுண்டு, ஆனால் படிக்கிற ஒவ்வொருவரும் மாதம் நாலு பென்ஸ் போலக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்கிறார். ஆக வாத்தியாருக்கும் பாதி, செங்கல்சூளைக்கும் பாதி.

இதைவிட எனக்குப் பிடித்தது வான்லாக்ஹெட் பையன்கள். ஊருக்குள் நுழையும் முன்பே வழியில் எதிர்ப்படுகிறார்கள். வெறுங்கால். தொப்பிகளில் ஹனிசக்கிள் பூவைச் சுற்றியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிறீர்களா என்று கேட்டால், போகிறோம், லத்தீன் படிக்கிறோம், வர்ஜில். சிலர் கிரேக்கம், ஹோமர் என்கிறார்கள். கோல்ரிட்ஜ் ஆர்வமாகி மேலே கேள்வி கேட்க ஆரம்பித்ததும் எடுத்தார்கள் ஓட்டம். பரீட்சை வைத்துவிடுவார் என்று பயம்! எந்த ஊர் என்றாலும் பையன்கள் பையன்கள்தான்.

கணக்கு_வாத்தியார்:

@ஓலைச்சுவடி, அருமை. ஷேக்ஸ்பியர் இருக்கிறதா என்று கேட்ட தொனியைக் கவனித்தீர்களா? கவிஞர்களுக்கே நம்பிக்கை வரவில்லை.

@செங்கல்சூளை, தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் பக்கத்துச் சுரங்கங்களில் எல்லாம் இதே கஷ்டம் இருந்தது, அங்கெல்லாம் ஏன் நூலகம் வரவில்லை?

செங்கல்சூளை:

வந்தது ஐயா. வெஸ்டர்கர்க் என்று அதே தெற்குப் பகுதியில் இன்னொரு இடம். ஆன்டிமனி சுரங்கத் தொழிலாளர்கள் 1790களில் தொடங்கிய நூலகம் இன்றும் இருக்கிறது. அங்கே ஸ்டிர்லிங் இல்லை. ஒரு ஊர் ஆரம்பிக்க, அடுத்தடுத்த சுரங்கத்துக்காரர்கள் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் திருச்சபை பைபிள் படிக்கவைக்க வேண்டும் என்று ஊருக்கு ஒரு பள்ளி வைத்திருந்தது. எழுத்தறிவு அங்கிருந்து வந்தது. அதற்குப் பிறகு என்ன படிப்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். மேலாளர் ஒன்றும் எழுத்து சொல்லித் தரவில்லை.

ஓலைச்சுவடி:

வெஸ்டர்கர்க்கை எடுத்ததற்கு நன்றி, நானே சொல்ல இருந்தேன். பாலங்கள் கட்டிய தாமஸ் டெல்ஃபோர்ட் அந்தப் பகுதி மேய்ப்பன் ஒருவரின் மகன். சாகும்போது அந்த நூலகத்துக்கு 1,000 பவுண்டு எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் அங்கே புத்தகம் மாற்றுவது மாதம் ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டி. மேய்ப்பர்கள், உழுபவர்கள், பிள்ளைகள் எல்லாரும் குன்று தாண்டி வந்து, நிலா வெளிச்சத்தில் புத்தக மூட்டையோடு வீடு திரும்புவார்களாம்.

லெட்ஹில்ஸ் பக்கம் திரும்பினால், அங்கே 1680களில் பிறந்த ஆலன் ராம்சே என்ற கவிஞர் எடின்பரோ போய்த் தலைமுடி டோப்பா செய்து விற்று, பிறகு புத்தகக் கடை வைத்து, வாடகைக்குப் புத்தகம் கொடுத்தார். பிரிட்டனில் வாடகை நூலகத்துக்கு முன்னோடிகளில் ஒருவர் அவர். இவருடைய அப்பாவும் சுரங்கத்தில் மேற்பார்வை வேலையில் இருந்தவர். இந்த மண்ணில் ஏதோ இருக்கிறது போல.

ஸ்டெதஸ்கோப்:

மண்ணில் இருந்தது ஈயம் 😊

அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. உருக்காலைப் புகையால் வந்த நோயை அந்த ஊரில் 'மில் ரீக்' என்றார்கள், ஆலைப்புகை நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, மலச்சிக்கல், வாயில் இனிப்புச் சுவை. முற்றினால் கை கால் விளங்காமல் போகும், பிதற்றல், வலிப்பு, சாவு. அந்தப் புல்லை மேய்ந்த மாடுகள், ஊர் நாய்கள், கோழிகள்கூடத் தப்பவில்லை. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, கொழுப்பாகச் சாப்பிடு என்பதுதான் 18ஆம் நூற்றாண்டு வைத்தியர்கள் தந்த ஆலோசனை.

இன்னொரு விஷயம். ஹிப்னாடிசம் என்ற பெயரையே மருத்துவத்துக்குக் கொண்டுவந்த ஜேம்ஸ் பிரெய்ட், டாக்டருக்குப் படித்து முடித்ததும் முதலில் வேலை பார்த்தது லெட்ஹில்ஸ் சுரங்க மருத்துவராக. 1816இலிருந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. வந்த மறு வருஷமே, நிலத்தடியில் வைத்திருந்த நீராவி இயந்திரத்தின் புகை சுரங்கத்துக்குள் தேங்கித் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதைப் பற்றி அவர் அறிக்கை எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். மான்செஸ்டர் போய் ஹிப்னாடிசத்தில் இறங்கியதெல்லாம் பிறகுதான்.

வடமராட்சியான்:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஸ்காட்லாந்தில்தான் இருக்கிறேன். போன கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வான்லாக்ஹெட் போய் வந்தோம். நீங்கள் எல்லாரும் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

ஊருக்குள் றோட்டுக் கரையிலேயே ஒரு பழைய தண்ணீர் இறைக்கும் யந்திரம் நிற்கிறது. கல்லால் கட்டின தூண், அதன் தலையில் நடுவில் தாங்கிய பெரிய மர உத்தரம். ஒரு முனையில் மரவாளி தொங்கும். மறு முனையில் சுரங்கக் குழிக்குள் இறங்கும் பம்புத் தண்டு. ஓடைத் தண்ணீர் வாளியில் நிரம்ப, பாரத்தில் வாளி கீழே போகும், தண்டு மேலே வரும், குழித் தண்ணீர் வெளியே கொட்டும். வாளி அடியில் போனதும் தானாகத் திறந்து காலியாகும், தண்டின் பாரத்தில் உத்தரம் மறுபக்கம் சாயும். திரும்ப நிரம்பும். விறகும் வேண்டாம், கரியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். நம்மட துலாவை ஆறு மிதிக்கிற மாதிரி என்று என் மனைவி சொன்னா. இந்த வகையில் பிரித்தானியாவில் அதன் இடத்திலேயே மிஞ்சி நிற்பது இது ஒன்றுதான். இப்ப வேலை செய்யாது, பார்க்கத்தான்.

லொக்நெல் சுரங்கத்துக்குள்ளும் கூட்டிப் போவார்கள். தொப்பி போட்டுக் குனிந்து போக வேண்டும். எவ்வளவு வெயில் காலம் என்றாலும் உள்ளே குளிர்தான், மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். என்னுடைய சின்னவன் பாதி வழியில் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வெளியில் வந்ததும் தட்டில் மண்ணை அலசித் தங்கம் தேட விடுகிறார்கள், பிறகு அவனைக் கிளப்புவதுதான் பெரும்பாடு.

தென்றல்_கிளாஸ்கோ:

@வடமராட்சியான் அண்ணா, அந்த இயந்திரத்துக்கு முன்னால் அங்கே நீராவி இயந்திரங்களும் இருந்தன. டோரதி குழு வான்லாக்ஹெட்டில் பார்த்தது அப்படி ஒன்றை. தூரத்தில் உத்தரம் மெல்ல எழுவதும் தாழ்வதுமாக இருக்க, உயிருள்ளது போல இருக்கிறதே என்று பேசியிருக்கிறார்கள். ஒரே ஒரு எண்ணம் கொண்ட ராட்சதன் என்று கோல்ரிட்ஜ் சொன்னாராம்.

நீராவி என்றதும் வில்லியம் சிமிங்டனைச் சொல்லாமல் விட முடியாது. லெட்ஹில்ஸில் பிறந்தவர். அண்ணனோடு வான்லாக்ஹெட் சுரங்கத்தில் இயந்திரம் அமைத்துப் பழகியவர். 1788 அக்டோபரில் டால்ஸ்விண்டன் ஏரியில் நீராவிப் படகை ஓட்டிக் காட்டினார். அப்புறம் 1800களின் தொடக்கத்தில் 'சார்லட் டண்டாஸ்' என்ற படகு கால்வாயில் பாரப் படகுகளை இழுத்துப் போனது. அலையில் கரை கரைந்துவிடும் என்று கால்வாய்க்காரர்கள் பயந்து நிறுத்திவிட்டார்கள். சிமிங்டன் கடைசியில் லண்டனில் வறுமையில் செத்தார்.

எதிர்க்கேள்வி:

இத்தனை பெரிய மனிதர்களைச் சொல்லிவிட்டீர்கள், லெட்ஹில்ஸ் கல்லறையில் 137 வயது வாழ்ந்தவர் இருக்கிறாரே, அவரை விட்டுவிட்டீர்களே? ஜான் டெய்லர், சுரங்கத் தொழிலாளி. 1770இல் இறந்தார். மகனுடைய கல்லில் வயதோடு பொறித்திருக்கிறது. ஈயப்புகையைப் பற்றி டாக்டர் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறதே!

ஸ்டெதஸ்கோப்:

கல்லில் பொறித்தால் உண்மையாகிவிடுமா சார். அந்த வயதுக்கு ஆதாரம் என்ன தெரியுமா? 1652 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் பட்டப்பகலில் இருட்டிய முழுச் சூரிய கிரகணம். அப்போது தான் சுரங்கத்தில் வேலையில் இருந்ததாகவும், மேலே கூப்பிட்டுக் காட்டினார்கள் என்றும் கிழவர் சொன்னார். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டதுதான். ஞானஸ்நானப் பதிவு ஏதும் கிடையாது. அப்பாவோ பெரியப்பாவோ சொன்ன கதையைத் தன் கதையாகச் சொல்லியிருக்கலாம். உலகத்தில் பதிவு சரியாக உள்ள அதிகபட்ச வயது 122தான். நீண்ட நாள் இருந்த மனிதர், அவ்வளவுதான்.

எதிர்க்கேள்வி:

நீங்கள் கதையைக் கெடுப்பதற்கென்றே வந்திருக்கிறீர்கள் டாக்டர் 😄

தண்டவாளம்:

ரயில் பிரியர்களுக்கு ஒரு தகவல். 1901இல் லெட்ஹில்ஸுக்கும், அடுத்த வருஷம் வான்லாக்ஹெட்டுக்கும் ரயில் வந்தது. பிரதான பாதையில் எல்வன்ஃபுட்டில் பிரிந்து மேலே ஏறும் கிளை. 1,498 அடி உயரம் தொட்டது, பிரிட்டனின் வழக்கமான அகலப் பாதைகளில் உச்சம் இதுதான். ஈயம் இருக்கும்வரை ரயில். 1930களில் சுரங்கங்கள் மூட, 1938 முடிவோடு ரயிலும் நின்றது. ரிஸ்பின் கிளூவில் இருந்த வளைவுப் பாலத்தை 1991இல் வெடிவைத்து இடித்தார்கள். அநியாயம். இப்போது பழைய தடத்தில் தன்னார்வலர்கள் இரண்டடி அகலக் குட்டி ரயில் ஓட்டுகிறார்கள், கோடை வார இறுதிகளில்.

செங்கல்சூளை:

மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். பிரபு நூலகத்துக்குக் காசு கொடுத்தார் என்று வந்ததே, பிரபுவின் தயவுக்கு எல்லை எது என்று 1843இல் தெரிந்தது. அந்த வருஷம் ஸ்காட்லாந்து திருச்சபை உடைந்தது. போதகரை நியமிப்பது நிலப்பிரபுவா சபை மக்களா என்பதுதான் சண்டை. 400க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறி சுதந்திரத் திருச்சபை அமைத்தார்கள். வான்லாக்ஹெட் தொழிலாளர்கள் பெரும்பகுதி அந்தப் பக்கம். கோயில் கட்ட ஒரு துண்டு நிலம் கேட்டார்கள். ஊர் முழுக்கத் தனதாக இருந்த பக்ளூ பிரபு தர மறுத்தார். 467 மீட்டர் உயரத்தில், பனியிலும் மழையிலும், மலைச்சரிவில் திறந்தவெளியில் நின்று வருஷக்கணக்கில் ஆராதனை நடத்தினார்கள். விஷயம் பாராளுமன்றக் குழு விசாரணை வரை போனது.

வாத்தியார் ஐயா, நல்ல மேலாளர் கொடுத்ததைப் படித்துக்கொண்டு பணிவாக இருந்தவர்கள் செய்கிற காரியமா இது? கூட்டம் கூடி, விதி எழுதி, ஓட்டுப் போட்டு உறுப்பினர் சேர்த்து, வசூல் பண்ணி, கணக்கு வைத்து நூறு வருஷம் பழகியவர்கள். அந்தப் பழக்கம் நூலகத்தில் வந்தது.

கணக்கு_வாத்தியார்:

இதை நான் ஒப்புக்கொள்கிறேன் தம்பி, பாதி. நூலகத்தை நடத்தியது அவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் 1741 என்ற ஆண்டைப் பாருங்கள், ஸ்டிர்லிங் வந்து ஐந்தாறு வருஷத்துக்குள். ஆறு மணி நேர ஷிஃப்ட்டும், வீட்டைச் சுற்றிக் காய்கறி போட நிலமும் இல்லாவிட்டால் அந்த முதல் கூட்டம் நடந்திருக்காது. இடம் கொடுத்தது ஒருவர், எழுந்து நின்றது அவர்கள்.

செங்கல்சூளை:

இடம் கொடுத்தது ஈயவிலை ஐயா. தேர்ந்த ஆள் அந்தக் குளிர்மலையில் வேறு கிடைக்க மாட்டான், அதனால் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

ஓலைச்சுவடி:

சண்டையை நிறுத்த ஒரு கதை. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், டம்ஃப்ரீஸ் பக்கம் எல்லிஸ்லாண்ட் பண்ணையில் இருந்த காலத்தில் ஒரு பனிக்காலம் வான்லாக்ஹெட் வந்தார். பாதை முழுக்க உறைபனி, குதிரை வழுக்குகிறது. லாடத்துக்குக் கூராணி அடிக்க வேண்டும், கொல்லருக்கோ வேலை குவிந்து கிடக்கிறது. ஊர்க்காரர் ஒருவரிடம் சிபாரிசு கேட்டு, அங்கேயே உட்கார்ந்து சின்னக் கவிதை ஒன்றை எழுதிக் கொடுத்தார். வேலை உடனே நடந்தது. என் வாழ்நாளில் ஒருமுறைதான் சரியாகக் கூலி வாங்கினேன், காசாக, குடியாக, பாட்டாக என்று கொல்லர் பிறகு சொல்லித் திரிந்தாராம்.

ஜாம்பஜார்_ஜெகன்:

இவ்வளவு படித்ததும் போகத் தோன்றுகிறது. கார் இல்லாமல் போக முடியுமா? எந்த மாதம் நல்லது?

வடமராட்சியான்:

@ஜாம்பஜார்_ஜெகன், கார் இருந்தால்தான் சுகம். சங்கர் என்று உச்சரிக்கும் Sanquhar ஊர்வரை ரயில் உண்டு, அங்கிருந்து பஸ் இருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா நேரமும் ஓடாது. நடப்பவர் என்றால் சதர்ன் அப்லாண்ட் வே என்ற நடைபாதை ஊருக்கு உள்ளாலேயே போகிறது. மியூசியம் பனிக்காலத்தில் பூட்டு, கோடையில் போங்கள். நூலகம் இரண்டும் எந்த நாளில் திறப்பார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டி வரும். ஜூலையிலும் ஜாக்கெட் வேண்டும். பூச்சிக்கு ஏதாவது பூசிக்கொண்டு போங்கள், மிட்ஜ் கடி பொல்லாதது.